தீர்ப்பு வரும்வரை காத்திருக்கலாமா? தாக்குதலில் காயமடைந்தவரின் நட்டஈடு பற்றி ஒரு பதில்

மட்டக்களப்பு படுவான்கரையிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரையோ ஊரையோ எவரும் அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றியும் சுருக்கியும் அதனை இங்கே தருகிறேன்.

அவருடைய கணவர் மேசன் வேலை செய்பவர். பெரும்போகத்தில் குத்தகைக்கு ஒரு துண்டு வயலும் செய்துவந்தார். 20 மாதங்களுக்கு முன்னர் வாய்க்கால் தண்ணீர் திருப்புவது தொடர்பாகப் பக்கத்து வயற்காரருடன் வாய்த்தர்க்கம் ஏற்பட்டு, அந்த மனிதர் கத்தியால் வெட்டியதில் கணவரின் வலது முன்கை எலும்பு முறிந்து, மணிக்கட்டின் தசைநார்களும் அறுந்துபோயின. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் இரண்டு தடவை சத்திரசிகிச்சை நடந்தது. உயிர் தப்பினாலும் இன்றுவரை அந்தக் கையால் மேசன் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. முன்பு நாளொன்றுக்கு 3,500 ரூபா வீதம் மாதத்தில் ஏறக்குறைய 20 நாட்கள் வேலை செய்தவர், இப்போது உறவினர் ஒருவரின் கடையில் உதவிக்கு நின்று சிறு தொகை பெறுகிறார். நகைகள் அடகில் இருக்கின்றன. எதிரி, அதாவது வெட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர், பிணையில் வெளியே நடமாடுகிறார். நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு தவணை தவணையாகத் தள்ளிப்போகிறது.

இந்த நிலையில் ஊர்ப் பெரியவர்கள் இருவர் மூலமாக, 3 இலட்சம் ரூபா தருவதாகவும் வழக்கைக் கைவிட்டுவிட வேண்டும் என்றும் எதிரி தரப்பு சொல்லியனுப்பியிருக்கிறது. வழக்கு முடிந்தால் நீதிமன்றம் தானாகவே நட்டஈடு வாங்கித்தரும் என்று அயலவர்கள் சொல்கிறார்கள். பொலிஸ் நிலையத்தில், “இது அரசாங்கத்தின் வழக்கு, உங்களுக்கு அங்கே பேச்சில்லை” என்று கூறியிருக்கிறார்கள். பணம் கேட்டால் நீதவான் தங்களைத் தவறாக நினைத்துவிடுவாரோ என்ற பயம் சகோதரிக்கு இருக்கிறது. சியோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நட்டஈடு கிடைத்ததுபோலத் தங்களுக்கும் அரசாங்கம் தருமா என்றும் கேட்டிருக்கிறார். வெட்டியதைக் கண்ணால் கண்ட ஒரே வீட்டுச் சாட்சி, இப்போது 15 வயதாகும் அவர்களுடைய மகன் என்பதும், அவனை மன்றில் ஏற்றுவதை நினைத்துத் தாய்க்கு உறக்கமில்லை என்பதும் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுள் நீங்கள் கேட்காத ஒன்றுதான் மிக அவசரமானது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன். சம்பவம் நடந்து 20 மாதங்கள் ஆகிவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருவரின் பிழையான செயலால் ஏற்பட்ட காயத்துக்கும் இழப்புக்கும் நட்டஈடு கேட்டு மாவட்ட நீதிமன்றத்தில் குடியியல் வழக்குத் தொடர்வதற்கு, 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவு இரண்டு வருடங்களை மட்டுமே தருகிறது. அந்த இரண்டு வருடமும் வெட்டு விழுந்த நாளிலிருந்து ஓடுகிறது. நீதவான் நீதிமன்ற வழக்கு நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காக அது நின்று காத்திருக்காது. உங்களுக்கு எஞ்சியிருப்பது ஏறக்குறைய நான்கு மாதங்கள். குற்றவியல் வழக்கில் தீர்ப்பு வரட்டும், பிறகு பார்ப்போம் என்று நல்ல மனதோடு பொறுத்திருந்து, எதிரி குற்றவாளியென்று காணப்பட்ட பின்னர் குடியியல் வழக்குக்கு வரும் குடும்பங்களிடம், காலம் கடந்துவிட்டது என்று சொல்ல வேண்டியிருப்பது எங்கள் தொழிலில் மிகவும் வேதனையான காரியம். உங்களிடம் அதைச் சொல்ல வேண்டிய நிலை இன்னும் வரவில்லை.

தண்டப்பணம் வேறு, நட்டஈடு வேறு

நீதிமன்றம் ‘தானாகவே’ வாங்கித்தரும் என்று அயலவர்கள் சொல்வதில் பாதி சரி, பாதி தவறு. எதிரிக்கு விதிக்கப்படும் தண்டப்பணம் அரசாங்கத்துக்குச் சேர்வது. அதில் ஒரு சதமும் உங்கள் வீட்டுக்கு வராது. பாதிக்கப்பட்டவருக்குச் சேர வேண்டியது நட்டஈடு. அதனை விதிக்கும் அதிகாரத்தை 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 17 ஆம் பிரிவு, குற்றத்தை விசாரித்த அதே நீதிமன்றத்துக்கு வழங்கியிருக்கிறது. குற்றத்தினால் பாதிக்கப்பட்ட எவருக்கும், நீதிமன்றம் தகுமெனக் கருதும் ஒரு தொகையை, குறித்த காலத்துக்குள் ஒரே தடவையிலோ தவணைகளாகவோ செலுத்துமாறு குற்றவாளிக்குக் கட்டளையிடலாம். இதற்கெனத் தனி வழக்கு வேண்டியதில்லை, நீதிமன்றக் கட்டணமும் இல்லை.

ஆனால் அந்தப் பிரிவு சொல்வது ‘கட்டளையிடலாம்’ என்பதுதான். பாலியல் வன்புணர்வு போன்ற சில குற்றங்களில், தண்டனைச் சட்டக்கோவைக்கு 1995 இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, தண்டனையோடு நட்டஈடும் விதித்தே ஆகவேண்டும். உங்கள் கணவருக்கு நேர்ந்தது போன்ற வெட்டுக்காய வழக்கில் அது நீதிபதியின் தற்றுணிபைப் பொறுத்தது; விதிப்பதா இல்லையா என்பதை அவரே முடிவு செய்வார். தற்றுணிபைப் பயன்படுத்தும் நீதிபதிக்கு, அதற்கான விடயங்கள் வழக்கேட்டில் கண்முன் இருக்க வேண்டும். காயத்தின் தன்மை மருத்துவ அறிக்கையில் இருக்கும். அந்தக் காயம் ஒரு குடும்பத்தின் அடுப்பை எப்படி அணைத்தது என்பது எந்த அறிக்கையிலும் தானாக வந்து சேர்வதில்லை. அதை யாராவது கொண்டுபோய் வைத்தால் ஒழிய நீதிபதிக்குத் தெரிய வழியில்லை.

பொலிஸார் சொன்னது பற்றி

வழக்கை நடத்துவது அரசு என்பது சரிதான். எந்தக் குற்றச்சாட்டைச் சுமத்துவது, எந்தச் சாட்சியை எப்போது அழைப்பது என்பனவற்றை நீங்கள் தீர்மானிக்க முடியாது. ஆயினும் ‘உங்களுக்குப் பேச்சில்லை’ என்பது சட்டம் சொல்வதல்ல. பாதிக்கப்பட்ட தரப்பினர் சட்டத்தரணி ஒருவர் மூலம் நீதிமன்றத்தில் தோன்றும் உரிமையைக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 260 ஆம் பிரிவே ஏற்கிறது. அதற்கு மேலாக, 2015 ஆம் ஆண்டில் 4 ஆம் இலக்கச் சட்டமாக முதன்முதலில் இயற்றப்பட்டு, இப்போது 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டமாக நடைமுறையிலுள்ள, குற்றத்தினால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்குமான உதவி மற்றும் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. புலனாய்வும் வழக்கும் எந்த நிலையில் இருக்கின்றன என்று கேட்டறியும் உரிமையையும், மதிப்போடு நடத்தப்படும் உரிமையையும் அது உங்கள் குடும்பத்துக்குத் தருகிறது. எதிரி குற்றவாளியெனக் காணப்பட்ட பின்னர், தண்டனை விதிக்கப்படுவதற்கு முன்னர், இந்தக் குற்றம் தன் உடலையும் மனதையும் தொழிலையும் வருமானத்தையும் வாழ்வையும் எப்படிப் பாதித்தது என்பதை நேரிலோ சட்டத்தரணி மூலமோ நீதிமன்றத்துக்கு எடுத்துரைப்பதும் அந்த உரிமைகளுள் ஒன்று. இந்தச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவர் என்பதற்குள் காயம்பட்டவரோடு அவரது குடும்பத்தினரும் அவரில் தங்கியிருப்போரும் அடங்குவர். ஆகவே நீங்கள் இந்த வழக்கில் வெறும் பார்வையாளர் அல்லர்.

‘தண்டனைக்கு முன்னர்’ என்ற அந்தச் சொற்களைச் சற்று உற்றுக் கவனியுங்கள். நீதவான் நீதிமன்றத்தில் பல வழக்குகள் முழு விசாரணை வரை போவதில்லை. ஏதோ ஒரு தவணையில் எதிரி எழுந்து குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்பார். அவருடைய சட்டத்தரணி, இவர் முன்குற்றம் எதுவும் இல்லாதவர், பிள்ளைகள் உள்ளவர், நட்டஈடு கட்டத் தயார் என்று சலுகை கேட்பார். அன்றைக்கே ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையும் ஒரு தொகை நட்டஈடும் விதிக்கப்பட்டு வழக்கு முடிந்துவிடலாம். அந்த நாள் உங்களுக்கு முன்னறிவிப்புத் தந்து வருவதில்லை. அன்று உங்கள் தரப்பில் ஒரு சட்டத்தரணியும் கையில் ஒரு ஆவணக் கோவையும் இல்லாவிட்டால், நீதிபதியின் காதில் விழும் ஒரே தொகை எதிரி தரப்புச் சொல்லும் தொகையாகத்தான் இருக்கும். இந்த ஆபத்தை நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தவணைகள் தள்ளிப்போகும் சலிப்பில் நீதிமன்றத்துக்குப் போவதையே விட்டுவிடுகிறவர்களுக்கு இழப்பு நேர்வது இப்படித்தான்.

கோவையில் சேர வேண்டியவை

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்பதால், ‘எங்களிடம் பெரிதாக பில் எதுவும் இல்லையே’ என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் இழப்பு பில்லில் இருப்பதல்ல, கணவரின் கையில் இருப்பது. நீங்கள் தந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 3,500 ரூபா, மாதத்துக்கு 20 நாள் என்றால் மாத வருமானம் 70,000 ரூபா. 20 மாதத்துக்கு அது 14 இலட்சம் ரூபா. கடையில் நின்று அவர் இப்போது பெறுவதை நேர்மையாகக் கழித்துவிட வேண்டும். கழித்த பின்னரும் மிஞ்சுவது பெருந்தொகை. வருங்கால இழப்பு அதற்கு மேல்.

மேசனுக்குச் சம்பளத் துண்டு கிடையாது என்பது நீதிமன்றங்களுக்குத் தெரியாத விடயமல்ல. அவரை வேலைக்கு அழைத்த ஒப்பந்தக்காரர்களிடமும், வீடு கட்டுவித்த உரிமையாளர்கள் ஓரிருவரிடமும், எந்தக் காலத்தில் எந்தக் கூலிக்கு வேலை செய்தார் என்று கடிதம் பெறுங்கள். கிராம சேவையாளரின் உறுதிப்படுத்தலைப் பிரதேச செயலகத்தின் மேலொப்பத்தோடு எடுத்து வையுங்கள். வங்கிப் புத்தகத்தில் முன்பு பணம் போட்டுவந்த பதிவுகள் இருந்தால் அவையும் பேசும். அடகுத் துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். எந்தத் திகதியில் எதற்காக நகை போனது என்பதற்கும், அதற்குக் கட்டிய வட்டிக்கும் அவையே அத்தாட்சி. கிளினிக் கொப்பி, வைத்தியசாலையிலிருந்து விடுவித்தபோது தந்த அட்டை, வெளியே வாங்கிய மருந்தின் பற்றுச்சீட்டு ஆகியவற்றைத் திகதி வரிசையில் அடுக்குங்கள். கிளினிக்குக்குப் போன ஆட்டோவுக்குப் பற்றுச்சீட்டு இருக்காது. போன நாட்கள் கிளினிக் கொப்பியில் இருக்கின்றன. கட்டிய வாடகையை அந்தத் திகதிகளுக்கு எதிரே ஒரு தாளில் எழுதி, ஆட்டோக்காரரின் கையொப்பத்தை வாங்கினால் போதும்.

மருத்துவ ஆவணத்தில் இரண்டைத் தனியாகப் பாருங்கள். முதலாவது, சட்ட மருத்துவ அதிகாரியின் அறிக்கை. எலும்பு முறிவும், இருபது நாட்களுக்குத் தன் வழமையான அலுவல்களைச் செய்ய முடியாமற்போகும் காயமும் தண்டனைச் சட்டக்கோவையின் 311 ஆம் பிரிவின்படி பாரதூரமான காயங்கள். கத்தி போன்ற ஆயுதத்தால் பாரதூரமான காயம் விளைவிப்பது 317 ஆம் பிரிவின் கீழ் 10 வருடம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். சாதாரண காயத்துக்கான 314 ஆம் பிரிவிலோ தண்டனை மிகக் குறைவு. குற்றப்பத்திரிகையில் எந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது என்பதை உங்கள் சட்டத்தரணி இந்தத் தவணையிலேயே பார்க்க வேண்டும், ஏனெனில் நட்டஈட்டைப் பற்றிய பேச்சு முழுவதும் அந்த எண்ணின் நிழலில்தான் நடக்கும். இரண்டாவது, கை இனி எந்த அளவுக்கு இயங்கும் என்பது பற்றி அவரைப் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணரின் இறுதி மதிப்பீடு. காயம்பட்ட நாளின் அறிக்கை வெட்டின் ஆழத்தைச் சொல்லும், ஆனால் 20 மாதத்துக்குப் பின்னரும் விரல்கள் மடங்கவில்லை என்பதைச் சொல்லாது. அதை இப்போதே கேட்டுப் பெறுங்கள்.

இவ்வளவும் சேர்த்த பின்னரும், கேட்ட தொகை முழுவதையும் நீதவான் விதிப்பார் என்று நான் நம்பிக்கை ஊட்ட மாட்டேன். எதிரியின் வசதியையும் தண்டனையின் அளவையும் சேர்த்துத்தான் நீதிமன்றம் நிறுக்கும். விதித்த நட்டஈடு தண்டப்பணத்தைப் போலவே அறவிடப்படும். கட்டாவிட்டால் அதற்குப் பதிலாகச் சிறை என்று விதிக்கப்படலாம், ஆனால் அவர் சிறையிருந்தால் உங்கள் அடகு மீளாது. தவணைப் பணம் பிந்தினால், நகர்த்தல் பத்திரம் எனப்படும் எழுத்து விண்ணப்பத்தின் மூலம் அதை நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டியதும் உங்கள் தரப்பே. எதிரி மேன்முறையீடு செய்தால் பணம் கைக்கு வருவது இன்னும் பிந்தக்கூடும்.

மாவட்ட நீதிமன்ற வழக்கு

ஆகவேதான் அந்த நான்கு மாதங்களைப் பற்றி முதலில் எழுதினேன். குடியியல் வழக்கில் மருத்துவச் செலவு, இதுவரை இழந்த உழைப்பு, இனி இழக்கப்போகும் உழைப்பு, வலியும் வேதனையும், கையால் செய்துவந்தவற்றைச் செய்ய முடியாமற்போன இழப்பு ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்கலாம். நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும் என்ற குற்றவியல் வழக்கின் கடுமையான அளவுகோல் அங்கே இல்லை. எது நடந்திருக்கக்கூடிய சாத்தியம் அதிகம் என்று காட்டினால் போதும். எனவே ஒருவேளை எதிரி சந்தேகத்தின் பலனில் விடுவிக்கப்பட்டாலும் இந்த வழக்கு நிற்கலாம். இரண்டு வழக்குகளும் ஒரே காலத்தில் நடக்கலாம். நீதவான் நட்டஈடு விதித்து அது செலுத்தப்பட்டால், மாவட்ட நீதிமன்றம் தரும் தொகையில் அது கணக்கில் எடுக்கப்படும். அதனால் ஒரே இழப்புக்கு இரண்டு தடவை பணம் கிடைக்காது. அதேவேளை முதலாவது தொகையைப் பெற்றதால் மிகுதியைக் கேட்கும் உரிமையும் போகாது.

இங்கே ஒரு திருத்தம். கடிதம் முழுவதிலும் ‘நான் வழக்குப் போடலாமா’ என்றே எழுதியிருக்கிறீர்கள். குடியியல் வழக்கில் வாதியாக வேண்டியவர் காயம்பட்ட உங்கள் கணவர். சட்டத்தரணிக்கான நியமனப் பத்திரத்தில் அவர் கையொப்பமிட வேண்டும். வலது கை இயங்காவிட்டால் இடது கையாலோ பெருவிரல் அடையாளத்தாலோ செய்யலாம். அவர் மனம் உடைந்து ‘எனக்கு ஒன்றும் வேண்டாம்’ என்று ஒதுங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பதிலை அவரோடு சேர்ந்திருந்து வாசியுங்கள்.

வழக்கில் வென்றாலும் பணம் எதிலிருந்து வரும் என்பதையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். எதிரிக்கு வயலும் உழவு இயந்திரமும் இருப்பதாகச் சொல்கிறீர்கள். அந்த வயல் உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா என்று விசாரியுங்கள். படுவான்கரைப் பக்கம் பல குடும்பங்களின் வயல்கள் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கிடைத்தவை. அவற்றை நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காகக் கைப்பற்றி விற்க முடியாது. உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்து, சம்பவத்துக்குப் பின்னர் அது சகோதரர் பெயருக்கோ மனைவி பெயருக்கோ மாறியிருக்கிறதா என்று பார்க்கலாம். கடனிலிருந்து தப்பும் நோக்கத்தோடு எழுதப்பட்ட உறுதியை இரத்துச் செய்விக்கச் சட்டத்தில் வழியுண்டு, ஆனால் அது இன்னொரு நீண்ட வழக்கு. உழவு இயந்திரம் லீசிங்கில் எடுத்ததா என்பதையும் கேட்டறியுங்கள்.

செலவை நினைத்துப் பின்வாங்க வேண்டாம். 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்டத்தரணியை ஏற்பாடு செய்துகொடுக்கிறது. அதன் நிலையம் மட்டக்களப்பிலும் உண்டு. அடையாள அட்டை, வருமானம் பற்றிய கிராம சேவையாளரின் கடிதம், வழக்கிலக்கம், மருத்துவ ஆவணங்கள் ஆகியவற்றோடு இந்த வாரமே போங்கள். காலவிதிப்பு முடியும் திகதியை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். கடைசி வாரத்தில் வந்து நின்றால் எந்தச் சட்டத்தரணியாலும் நல்ல வழக்குரை எழுத முடியாது.

3 இலட்சம் ரூபா

சமாதானத்துக்கு நான் எதிரானவன் அல்லன். பக்கத்து வயலில் வாழ்நாள் முழுவதும் முகம் பார்த்து வாழ வேண்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும், ஊர்ப் பெரியவர்களும் நல்லெண்ணத்தோடுதான் வந்திருப்பார்கள். ஆனால் அவர்கள் கொண்டுவந்திருக்கும் உடன்பாட்டின் வடிவம் உங்களுக்கு ஆபத்தானது. குற்றவியல் வழக்கை ‘கைவிடும்’ அதிகாரம் உங்களிடம் இல்லை. எந்தக் குற்றங்களைப் பாதிக்கப்பட்டவர் இணங்கி முடிக்கலாம் என்பதை குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 266 ஆம் பிரிவு பட்டியலிட்டிருக்கிறது. அந்த இணக்கமும் நீதிமன்றத்தின் முன் பதிவாக வேண்டும். பட்டியலுக்கு வெளியேயுள்ள குற்றத்தில், பணத்தை வாங்கிக்கொண்டு சாட்சி சொல்லாமல் விடுவதாகவோ மாற்றிச் சொல்வதாகவோ உடன்பட்டால், உங்கள் கணவரும் மகனும் குற்றம் செய்தவர்களாக நிற்க நேரிடும். முதல் முறைப்பாட்டில் சொன்னதை மன்றில் மாற்றிச் சொல்பவர் மீது பொய்ச்சாட்சிக்கு நடவடிக்கை எடுக்கப்படலாம். 3 இலட்சம் தந்தவர் அன்று உங்களோடு நிற்க மாட்டார்.

எதிரி உண்மையாகவே தீர்க்க விரும்பினால், அதற்கு நேர்வழி இருக்கிறது. அவருடைய சட்டத்தரணி உங்கள் சட்டத்தரணியோடு பேசட்டும். தொகை நீதிமன்றத்தில், நீதவான் முன்னிலையில், வழக்கேட்டில் எழுதப்பட்டு நட்டஈடாகச் செலுத்தப்படட்டும். அது முழுமையான தீர்வா, மேலும் கேட்கும் உரிமை எஞ்சியிருக்கிறதா என்பதும் அங்கேயே எழுதப்பட வேண்டும். எழுத்தில் இல்லாத எந்தத் தொகையையும், ‘ஆஸ்பத்திரிச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லித் தரப்படும் ஒரு 25,000 ரூபாவைக்கூட, சாட்சிகள் இல்லாமல் கையில் வாங்காதீர்கள். வெறும் தாளிலோ சிங்களத்திலோ எழுதிய, நீங்கள் வாசித்து விளங்காத எதிலும் கையொப்பம் வைக்காதீர்கள். தொகையைப் பொறுத்தமட்டில், மேலே கூட்டிய 14 இலட்சத்தையும் கணவருக்கு இன்னும் இருக்கும் உழைக்கும் வயதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 3 இலட்சம் நியாயமான தொகை என்று என்னால் சொல்ல முடியாது.

பணம் கேட்பது உங்கள் சாட்சியத்தைக் கெடுக்குமா என்ற பயத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். குறுக்கு விசாரணையில் எதிரி தரப்புச் சட்டத்தரணி, “நீங்கள் நட்டஈட்டுக்காகத்தானே இந்தக் கதையைச் சொல்கிறீர்கள்?” என்று கேட்கலாம். “ஆம், என் கை போய்விட்டது, அதற்கு நட்டஈடு கேட்டிருக்கிறேன்; வெட்டியவர் இவர்தான்” என்று உங்கள் கணவர் அமைதியாகச் சொன்னால் போதும். சட்டமே தரும் உரிமையைக் கேட்டவரை நீதிபதி குறைவாக எண்ணமாட்டார். சாட்சியத்தைக் கெடுப்பது மிகைப்படுத்தல். கடையில் பெறும் சிறு வருமானத்தை மறைப்பது, இல்லாத செலவைச் சேர்ப்பது போன்ற ஒரு சிறிய பொய் கண்டுபிடிக்கப்பட்டால் உண்மையான காயமும் அதோடு சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும்.

குண்டுவெடிப்பு நட்டஈட்டோடு ஒப்பிடலாமா?

சியோன் தேவாலயமும் இலக்கான 2019 ஏப்ரல் 21 தாக்குதல்கள் தொடர்பாக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவும் வேறு உயர் அதிகாரிகள் வெவ்வேறு தொகைகளும் நட்டஈடாகச் செலுத்த வேண்டும் என்று 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம் விதித்தது, அடிப்படை உரிமை மீறல் மனுக்களில். தாக்குதலைத் தடுக்கத் தவறிய அரச பொறுப்பாளர்கள் அங்கே எதிர்மனுதாரர்களாக இருந்தார்கள். உங்கள் விடயத்தில் வெட்டியவர் ஒரு தனிமனிதர். அந்த வழி இதற்குப் பொருந்தாது. 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இழப்பீட்டுக்கான அலுவலகமும் யுத்தம், அரசியல் அமைதியின்மை போன்றவற்றால் பாதிக்கப்பட்டோருக்கானது. ஆனால் குற்றத்தினால் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாப்பதற்கான தேசிய அதிகாரசபைக்கு, மேலே சொன்ன 2023 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், அதன் நிதியத்திலிருந்து உதவியும் இழப்பீடும் கோரி நீங்கள் விண்ணப்பிக்கலாம். சட்ட உதவி நிலையத்துக்குப் போகும்போது அந்த விண்ணப்பத்தையும் எழுதித்தரச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்

பதினைந்து வயது என்பதால் அவன் சாட்சியம் செல்லாது என்று எதிரி தரப்பு பரப்பும் பேச்சை நம்ப வேண்டாம். கேள்வியை விளங்கிக்கொண்டு அறிவார்ந்த பதில் சொல்லக்கூடிய எந்தப் பிள்ளையும் சாட்சி சொல்லலாம். அவனுக்கு நீங்கள் எதையும் ‘சொல்லிக்கொடுக்க’ முயலாதீர்கள். கண்டதைக் கண்டபடி சொல்ல, மறந்ததை மறந்துவிட்டேன் என்று சொல்ல அவனுக்கு அனுமதி இருக்கிறது என்பதை மட்டும் தெரியப்படுத்துங்கள். தவணைக்கு முன்னர் ஒரு நாள் நீதிமன்றத்தை அவனுக்குக் காட்டிக்கொண்டு வருவது நல்லது.

பாடசாலை விட்டு வரும் வழியில் எதிரியின் உறவினர் ஒருவர் அவனை மறித்து, “பார்த்துப் பேசு” என்று சொன்னதாக ஒரே ஒரு வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். அதை ஒரு வரியில் கடந்துவிட முடியாது. சாட்சியை அச்சுறுத்துவது 2023 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனியான குற்றம், பிணையில் விடத்தகாத குற்றம். நடந்த திகதி, இடம், சொல்லப்பட்ட சொற்கள், கூட வந்த நண்பர்கள் யார் என்பவற்றை இன்றே எழுதி வைத்து, பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து அதன் இலக்கத்தை வாங்குங்கள். அங்கே ஏற்க மறுத்தால் மேற்சொன்ன தேசிய அதிகாரசபைக்கு எழுதுங்கள். எதிரியின் தூண்டுதலில் இது நடந்திருந்தால், அடுத்த தவணையிலேயே உங்கள் சட்டத்தரணி அதனை நீதவானிடம் முறையிட்டு, அவருக்கு வழங்கப்பட்ட பிணையை மீள்பரிசீலனை செய்யுமாறு கேட்கலாம். எதிரியின் முன்னால் நின்று பேச மகன் அஞ்சினால், ஒலி ஒளித் தொடர்பு மூலம் வேறு இடத்திலிருந்து சாட்சியமளிக்க அனுமதி கோருவதற்கும் அதே சட்டத்தில் இடமுண்டு. அந்தக் கோரிக்கையை அவன் சாட்சிக்கு அழைக்கப்படும் நாளில் அல்ல, அதற்கு முந்திய தவணையிலேயே முன்வைக்க வேண்டும்.